எஞ்சின் அறைக்கு நீடித்து உழைக்கும் பூச்சு எது? (தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்காற்றில் ஓடும் பழைய ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் கார்)

மெர்பேங்க்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் பல ஆண்டுகள் ஓட்டி, இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கும் 1986ஆம் ஆண்டு மஞ்சள் நிற சிட்டி கோல்ஃபின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பழுது பார்ப்பதற்காக வெளியே இறக்கியிருக்கிறோம். இறக்கிய பிறகுதான் எஞ்சின் அறை உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. பேட்டரித் தட்டின் மூலையில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டால் துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து வருகிறது. முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீரும் இலையும் தேங்கும் பள்ளத்தில் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இடமெல்லாம் பழுப்பு நிறக் கோடு ஓடுகிறது. பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு (பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் பாகம்) நேர் கீழே பெயின்ட் முழுவதும் கரைந்து போய் வெறும் இரும்பு தெரிகிறது. மற்ற இடங்களில் பழைய மஞ்சள் பெயின்ட் மங்கியிருந்தாலும் உறுதியாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எஞ்சின் மீண்டும் ஏறிவிட்டால் இந்த அறைக்குள் கை நுழைவதே அரிது என்பதால், இப்போதே ஒழுங்காகப் பூசிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு பதில் கிடைக்கிறது. உதிரிபாகக் கடையில் 600 டிகிரி வெப்பம் தாங்கும் கறுப்பு ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் கொடுத்து, எஞ்சின் பக்கம் என்றால் இதுதான் சரி என்கிறார்கள். நண்பர் ஒருவர் பவுடர் கோட்டிங்கே (பொடியைத் தூவி அடுப்பில் சுட்டு இறுக்கும் பூச்சு) நிரந்தரத் தீர்வு என்கிறார். என் மைத்துனரோ, காரின் அடிப்பாகத்துக்கு அடிக்கும் ரப்பர் பூச்சையே உள்ளேயும் அடித்துவிட்டால் துரு அண்டாது என்கிறார். காரின் வெளிப்புறத்துக்கு, ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் சாதாரண 2கே பெயின்ட் அந்தச் சூட்டைத் தாங்குமா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.

எங்கள் வீடு கடற்காற்று நேராக வந்து மோதும் பகுதியில் இருக்கிறது. வேலை செய்வதற்கு வீட்டோரக் கார் கொட்டகையும் கடன் வாங்கிய கம்ப்ரசரும் உள்ளன. காட்சிக்கு நிறுத்தும் கார் அல்ல இது. நாள்தோறும் வேலைக்குப் போய் வர வேண்டிய வண்டி. அனுபவம் உள்ளவர்கள் வழி காட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பேனல்பீட்டர் பெரியவர் (சாட்ஸ்வொர்த்):

தம்பி, எஞ்சினை இறக்கிய நேரத்தில் இதைக் கேட்டது மிகவும் நல்லது. நான் கார்த் தகடு சரிசெய்து பெயின்ட் அடிக்கும் இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன். உங்களுடையதைப் போன்ற பழைய கோல்ஃப் பல என் கையில் வந்து போயிருக்கின்றன. அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: எஞ்சின் அறைக்கு ஒரே பூச்சு என்று எதுவும் கிடையாது. அறையின் சுவர்கள், கழற்றக்கூடிய இரும்புப் பாகங்கள், நேரடியாகக் கொதிக்கும் பாகங்கள் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த 600 டிகிரி டப்பாவைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எஞ்சினிலிருந்து சூடான புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் உரிய பூச்சு அது. அதில் இருக்கும் சிலிக்கோன் பிசின், ஏறத்தாழ 200 டிகிரி வரை படிப்படியாகச் சூடேற்றினால்தான் முழுமையாக இறுகும். மேனிஃபோல்டில் அந்தச் சூடு தானாகக் கிடைத்துவிடும். அறையின் சுவருக்கு ஒருநாளும் கிடைக்காது. அதனால் அது சுவரில் என்றைக்கும் அரைகுறையாகவே இருக்கும். பெட்ரோல் நனைந்த துணி பட்டாலே கறுப்பாகக் கையில் வந்துவிடும். துருவைத் தடுக்கும் ஆற்றலும் அதற்கு மிகக் குறைவு. சூட்டைத் தாங்குவது வேறு, நீடித்து உழைப்பது வேறு. கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கி விற்கிறார்கள்.

நீங்கள் அஞ்சும் அளவுக்குச் சுவர்த் தகடு சூடாவதும் இல்லை. எஞ்சினின் தண்ணீரே 90 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. தகடு பெரும்பாலும் அதற்கும் கீழேதான் நிற்கும். இந்தக் கார் தொழிற்சாலையில் பெயின்ட் ஆனபோதே 140 டிகிரி அளவில் சுடப்பட்டிருக்கும். நல்ல 2கே பெயின்ட் அந்த அளவு சூட்டைத் தாராளமாகத் தாங்கும். உங்கள் எஞ்சினில் மேனிஃபோல்ட் பின்சுவரைப் பார்த்தபடி இருப்பதால், அந்த ஓர் இடத்தில் மட்டும் வெப்பம் கூடுதலாக இருக்கும். அங்கே தேவைப்படுவது வேறு பெயின்ட் அல்ல, சுவருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு. பழைய தடுப்புத் தகடு துருப்பிடித்துக் கழன்று விழுந்திருந்தால் புதிதாக ஒன்று போட்டுவிடுங்கள்.

ரப்பர் பூச்சை எஞ்சின் அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் எண்ணெயும் தூசியும் ஊறிவிட்டால் எதைப் போட்டும் துடைத்தெடுக்க முடியாது. அதைவிடப் பெரிய கேடு, உள்ளே தகடு அரித்துக்கொண்டிருப்பது வெளியில் தெரியாமல் போவது. ரப்பர் பூச்சை உரித்துப் பார்த்து, அடியில் தகடே இல்லாமல் இருந்த கார்களை நான் நிறையச் சரிசெய்திருக்கிறேன்.

ஆகவே சுவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். துரு ஏறிய இடங்களில் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து எடுங்கள். தகடு மெலிந்து போயிருந்தால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யுங்கள். பேட்டரித் தட்டின் மூலைக்கு அநேகமாக அது தேவைப்படும், பட்டி வைத்து மூடிவிடாதீர்கள். பிறகு எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன்மேல் தகடுகள் சேரும் இடங்களில் பாலியூரித்தேன் சீலர், கடைசியாகக் காரின் நிறத்திலேயே நேரடிப் பளபளப்புத் தரும் 2கே பெயின்ட். உறுதியாக இருக்கும் பழைய பெயின்டை முழுவதும் சுரண்ட வேண்டிய அவசியம் இல்லை. சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நார் கொண்டு மினுமினுப்புப் போகும்வரை தேய்த்துவிட்டால் புதிய பூச்சு அதன்மேல் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

---

பீனிக்ஸ் பக்கி:

பெரியவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். என் பக்கியில் (பின்னால் சரக்குத் தட்டு உள்ள சிறு பிக்கப் வண்டி) எஞ்சின் தாங்கிகள், பிராக்கெட்டுகள், ரேடியேட்டர் சட்டம், வால்வு மூடி ஆகிய அனைத்தையும் பவுடர் கோட்டிங் கொடுத்துப் பூசினேன். எண்ணெய் சிந்தினாலும் துணியால் ஒரு முறை துடைத்தால் போதும், புதியதைப் போலவே இருக்கிறது. கழற்றி எடுத்துப் போக முடிந்தவை அனைத்துக்கும் பவுடர் கோட்டிங்கைவிட வலுவான ஒன்றை நான் பார்த்ததில்லை. காரின் உடலை மட்டும் அப்படிச் செய்ய முடியாது. 180 முதல் 200 டிகிரி வரை சூடாக்கும் அடுப்புக்குள் முழு உடலையும் வைத்தால் சீலர், ஒலித்தடுப்புப் பட்டை, பழைய பட்டி எல்லாம் கருகிவிடும்.

---

கோட்டிங்ஸ் லேப் (உம்லாங்கா):

வணக்கம். நான் தொழிற்சாலைகளுக்கான பூச்சுகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறேன். பெரியவர் ஐயா கூறிய பூச்சு வரிசை சரியானது. நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் கடற்கரையோரம் வாழ்பவர்களுக்கு எந்தப் பெயின்ட் என்ற கேள்வியைக் காட்டிலும் முக்கியமான ஒன்று உள்ளது. அது பெயின்டுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும் உப்பு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டர்பன் காற்றில் வரும் உப்பு, துருப்பிடித்த தகட்டின் நுண்ணிய குழிகளுக்குள் குளோரைடாகத் தங்கிவிடுகிறது. எமரி தாளால் தேய்த்த பிறகு தகடு பளிச்சென்று தெரிந்தாலும் அந்தக் குழிகளின் அடியில் அது இருந்துகொண்டேதான் இருக்கும், கண்ணுக்குப் புலப்படாது. எந்தப் பெயின்ட் படலமும் நீராவியைச் சிறிதளவாவது உள்ளே விடும். அடியில் உப்பு இருந்தால் அது அந்த ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் பட்டாணி அளவுக் கொப்புளங்கள் கிளம்பும். கொப்புளத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளே நீரும், அதன் அடியில் கறுத்த துருவும் இருக்கும். எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் இதைத் தடுக்க முடியாது. பெயின்டின் தரத்தைக் குறை சொல்லி மீண்டும் மீண்டும் பணம் செலவழிப்பவர்களில் பலருக்கு உண்மையான காரணம் இதுவே.

எனவே வேலையின் வரிசை மிகவும் முக்கியம். முதலில் நீரில் கலக்கும் டிகிரீசர் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கை முழுவதுமாகக் கழுவிவிடுங்கள். தேய்த்த பிறகு கழுவிக்கொள்ளலாம் என்று விட்டால், எமரி தாளே எண்ணெயைக் கீறல்களுக்குள் அழுத்தி ஏற்றிவிடும். அதன் பிறகு துருவை நீக்குங்கள். துரு நீங்கிய வெற்றுத் தகட்டைச் சுத்தமான குழாய்நீரால் மறுபடியும் கழுவி, குழிகள் நிறைந்த இடங்களை நைலான் தூரிகையால் தேய்த்து, உடனே காற்றடித்தும் ஹீட் கன் கொண்டும் உலர்த்துங்கள். வெற்று இரும்பில் தண்ணீரா என்று தயங்க வேண்டாம். லேசான செந்நிறம் படர்ந்தால் உலர்ந்த ஸ்காட்ச்-பிரைட்டால் எடுத்துவிடலாம். குழிக்குள் தங்கிய உப்பை உலர்ந்த துணியாலோ தின்னராலோ எடுக்கவே முடியாது, ஏனெனில் உப்பு தண்ணீரில்தான் கரையும். இறுதியாக மெழுகும் பிசுக்கும் நீக்கும் கரைப்பானை ஒரு துணியால் தடவி, அது ஆவியாவதற்குள் வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். ஒரே துணியால் தடவித் தானாக உலர விட்டால் அழுக்கு இடம் மாறுமே தவிர நீங்காது. டாஷ்போர்டுக்கும் டயருக்கும் மினுமினுப்பு ஏற்றும் சிலிக்கோன் ஸ்ப்ரேயை அந்த நாட்களில் கொட்டகைப் பக்கமே கொண்டு வராதீர்கள். அதன் துளி பட்ட இடத்தில் பெயின்ட் விலகிச் சிறுசிறு குழிகளாக நிற்கும்.

பிரைமரை அன்றைக்கே அடித்துவிட வேண்டும். நம் ஊர்க் காற்றில் வெற்று இரும்பை ஓரிரவு விட்டுவைப்பது செய்த வேலையைப் பாதி வீணாக்குவதற்குச் சமம். முழு அறையையும் ஒரே நாளில் தயார் செய்ய இயலாது என்றால், ஒரு பக்கச் சுவரை மட்டும் எடுத்து அன்று மாலைக்குள் எபாக்ஸி வரை முடித்துவிட்டு, மறுபக்கத்தை வேறொரு நாளில் தொடங்குங்கள்.

துருவை மாற்றும் அமிலத் திரவங்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பாஸ்பாரிக் அமிலம் உள்ள திரவத்தைத் தடவி, சரியாகக் கழுவாமல் அதன்மேலேயே எபாக்ஸி பிரைமரை அடித்தால், எஞ்சிய அமிலம் எபாக்ஸியின் ஹார்ட்னரோடு வினைபுரிந்து பிரைமரைச் சரியாக இறுக விடாது. அடுத்த சில வாரங்களில் தாள் தாளாக உரியும். வெற்று இரும்பு வரை தேய்க்க முடிகிற இடங்களில் இத்திரவமே தேவையில்லை.

பவுடர் கோட்டிங் குறித்து பீனிக்ஸ் நண்பர் எழுதியதை நான் முற்றிலும் மறுக்கவில்லை. எனினும் கடலோரத்தில் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. கல்லோ ஸ்பேனரோ பட்டு ஓர் இடத்தில் பெயர்ந்துவிட்டால், உப்பு நீர் அந்தத் திறப்பின் வழியே படலத்துக்கு அடியில் ஊர்ந்து செல்லும். மேலே பார்க்கப் பூச்சு முழுமையாக இருப்பதுபோல் தோன்றும்போதே அடியில் துரு பரவியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சரிசெய்யவும் இயலாது. ஆகவே பவுடர் கோட்டிங் கொடுப்பதாக இருந்தால், துத்தநாகம் செறிந்த பவுடர் பிரைமரை முதலில் அடித்து அதன்மேல் நிறப் பவுடர் அடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் தாங்கிகளில் போல்ட்டின் தலை அமரும் வட்டத்தையும், இரண்டு உலோகங்கள் ஒட்டி நிற்கும் முகத்தையும் மறைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். அங்கே பவுடர் தடிமனாக இருந்தால், சூட்டிலும் அழுத்தத்திலும் அது மெல்லமெல்ல நசுங்கி, சரியான அளவில் முறுக்கிய போல்ட்டும் தளர்ந்துவிடும்.

கடைசியாக, இதுவே எல்லாவற்றையும்விட முக்கியமானது. 2கே பெயின்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் நுண்துளிகளைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். அந்த ஒவ்வாமை போவதில்லை. அதற்கு மணம் ஏறக்குறைய இல்லை என்பதால், வடிகட்டி முகமூடி தன் வேலையை நிறுத்திவிட்டதை மூக்கால் உணர முடியாது. வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று தரும் முகமூடியே பாதுகாப்பானது. வீட்டை ஒட்டிய கொட்டகையில், சன்னல்கள் திறந்திருக்க, பிள்ளைகள் அருகில் விளையாட இதை அடிக்கவே கூடாது. தயவுசெய்து இதை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

---

லெனேசியா தோழர்:

2கே பெயின்டுக்கான காற்று முகமூடியும் ஸ்ப்ரே அறையும் எல்லோருக்கும் கிட்டுவதில்லை. நான் என் பழைய காருக்கு ஆல்கிட் எனாமலை (ஹார்ட்னர் கலக்காத சாதாரண எண்ணெய்ப் பெயின்ட்) தூரிகையாலேயே பூசினேன். ஜோகன்னஸ்பர்க் பக்கம் உப்புக் காற்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மெல்லிய படலமாக இரண்டு முறை பூசி, நடுவே நன்றாக உலர விட்டால் பார்வைக்கும் குறையில்லை, பையில் உள்ள பணமும் மிஞ்சும். குறை என்னவென்றால், அது முழுமையாக இறுகுவதற்குப் பல வாரங்கள் ஆகும். அதன் பிறகும் பிரேக் எண்ணெய் பட்டால் சுருங்கிக் கிளம்பிவிடும், பெட்ரோல் பட்டால் மென்மையாகும். அந்த இரண்டுக்கும் அருகில் இல்லாத சுவர்களுக்கு அது போதும் என்பது என் கருத்து.

---

மெர்பேங்க்வாசி:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. குறிப்பாக உப்பைப் பற்றி அக்கா எழுதியதைப் படித்த பிறகு, பேட்டரித் தட்டின் மூலை முன்பும் ஒருமுறை பூசப்பட்டுக் கொப்பளித்ததற்கான காரணம் விளங்கியது. எபாக்ஸியும் 2கே பெயின்டும் என்று முடிவு செய்துவிட்டேன். பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் வீட்டில் ஸ்ப்ரே செய்யப் போவதில்லை. துரு நீக்குவது, கழுவுவது ஆகியவற்றை நானே செய்துவிட்டு, பூச்சு வேலைக்கு மட்டும் அருகிலுள்ள பேனல்பீட்டர் கடைக்குக் காரை டிரெய்லரில் ஏற்றி அனுப்பலாம் என்று எண்ணுகிறேன்.

இன்னும் சில ஐயங்கள் உள்ளன. மஞ்சள் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு அடித்தால் பிரேக் எண்ணெயை இன்னும் நன்றாகத் தாங்கும் என்று கடைக்காரர் சொல்கிறார், அது உண்மையா? அழுக்குத் தெரியாமல் இருக்கக் கறுப்பாக அடித்துவிடலாமா? வேலையை இப்போதே தொடங்கலாமா, மழைக்காலம் போகும்வரை காத்திருக்க வேண்டுமா?

---

பேனல்பீட்டர் பெரியவர் (சாட்ஸ்வொர்த்):

நல்ல முடிவு, தம்பி. ஆனால் நீங்கள் வீட்டில் வெற்று இரும்பாக்கிவிட்டு டிரெய்லரில் ஏற்றினால், கடைக்காரர் அதைத் தொடுவதற்குள் இரண்டு நாள் போய்விடும், மறுபடியும் துருப்பிடித்துவிடும். வீட்டில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவது, வயர்களையும் குழாய்களையும் கழற்றிப் பெயரெழுதி ஒட்டுவது, பழைய சீலரைச் சுரண்டுவது ஆகியவற்றை முடித்துக்கொள்ளுங்கள். துரு நீக்குவதையும் தண்ணீரால் கழுவுவதையும், அந்தக் கடையிலேயே, பிரைமர் அடிக்கும் அன்று காலையில் உங்கள் கண்முன் செய்ய ஏற்பாடு செய்யுங்கள். கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

கிளியர் கோட் வேண்டாம். 2கே நேரடிப் பளபளப்புப் பெயின்டும் கிளியர் கோட்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பிரேக் எண்ணெயைத் தாங்குவதில் சொல்லும்படியான வேறுபாடு கிடையாது. எஞ்சின் ஏறும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஓரிரண்டு இடத்தில் கீறல் விழத்தான் செய்யும். நேரடிப் பெயின்ட் என்றால் சிறு தூரிகையால் தொட்டு வைத்து, இறுகிய பின் பாலிஷ் செய்துவிடலாம். கிளியர் கோட் அடித்திருந்தால் அந்த இடம் வெண்மையாக விளிம்பு கட்டி நிற்கும். அதைச் சரிசெய்யச் சுவர் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டிவரும்.

நிறத்தை மாற்றாதீர்கள். மஞ்சள் சுவரில் எண்ணெய்க் கசிவு ஒரு சொட்டு வந்தாலும் அன்றைக்கே தெரியும். துரு ஊசிமுனை அளவில் தொடங்கினாலும் தெரியும். கறுப்புச் சுவரில் இரண்டுமே முற்றிய பிறகுதான் கண்ணில் படும். அதோடு, சிட்டி கோல்ஃப் 1984இல் வந்தபோதே சிவப்பு, மஞ்சள், நீலம் என்றுதான் ஊரெங்கும் ஓடியது. வெளியே மஞ்சள், பானெட்டைத் திறந்தால் கறுப்பு என்றால், வாங்க வருபவர்கூட எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

சேசிஸ் எண் பொறித்த இடத்தைக் கடைக்காரரிடம் நீங்களே காட்டி, அங்கே பட்டியும் தடித்த பிரைமரும் போடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். எழுத்துகளின் பள்ளம் நிரம்பிவிட்டால், பின்னாளில் காவல்துறைச் சோதனைக்குப் போகும்போது எண்ணை மாற்றியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் தேவையில்லாமல் எழும். அந்த இடத்தை லேசாகத் தேய்த்து, மெல்லிய ஒரு படலம் மட்டும் போதும். எஞ்சின் பிளாக்கில் உள்ள எண்ணுக்கும் இதுவே பொருந்தும்.

ஸ்ப்ரே செய்யும்போது சிறிய துப்பாக்கியை, குறைந்த காற்றழுத்தத்தில் பயன்படுத்தச் சொல்லுங்கள். பெரிய துப்பாக்கியால் மூலைக்குள் அடித்தால் காற்று திரும்பி எழும்பி, மூலையில் பெயின்ட் உட்காராது. சுற்றிலும் மட்டும் தடித்து வழியும். முதலில் மூலைகள், விளிம்புகள், சட்டத்தின் அடிப்புறம், பிறகு அகன்ற சுவர்கள் என்ற வரிசையில் அடிப்பவர் தொழில் தெரிந்தவர். கைக்கண்ணாடி ஒன்றை எடுத்துப் போங்கள். பேட்டரித் தட்டின் அடிப்புறத்தையும் முன்சட்டத்தின் உட்புறத்தையும் அதை நீட்டிப் பார்த்தால், பிரைமர் நிறமே தெரிகிற இடம் எங்கெங்கே விடுபட்டிருக்கிறது என்று அங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

---

கோட்டிங்ஸ் லேப் (உம்லாங்கா):

காலத்தைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். முடிந்தால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் செய்யுங்கள். டர்பனில் அப்போது குளிர்காலம், மழை குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. பகல் வெப்பம் 22 டிகிரியை ஒட்டி இருப்பதால் 2கே பெயின்ட் இறுகுவதற்கும் தடையில்லை. மழை பெய்யும் கோடையில் செய்தே ஆக வேண்டுமென்றால், தகட்டின் வெப்பநிலை பனி நிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் அளந்து பார்க்க வேண்டும். அதற்கும் கீழே போனால், கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலத்தின்மேல் பிரைமர் உட்கார்ந்துவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் தொடங்கும் பூச்சை, மழைக்காலத்தில் மறுநாள் காலைக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

எபாக்ஸி பிரைமரைக் கலந்தவுடன் அடிக்கக் கூடாத வகைகளும் உண்டு. கலந்து 15 முதல் 30 நிமிடம் வரை வைத்திருந்து பிறகு அடிக்கும்படி தயாரிப்பாளரின் தாளில் எழுதியிருப்பார்கள். அதே தாளில், எத்தனை நாளுக்குள் மேல்பூச்சு அடிக்க வேண்டும் என்பதும் இருக்கும். அந்த அவகாசம் கடந்துவிட்டால் மீண்டும் தேய்க்காமல் மேல்பூச்சு அடிக்கக் கூடாது. அந்தத் தாளைக் கடையில் கேட்டு வாங்கி நீங்களே படித்துப் பாருங்கள்.

பிரேக் எண்ணெயைப் பொறுத்தவரை, டாட் 3, டாட் 4 ஆகிய இரண்டும் கிளைக்கால் ஈதர் வகை. எந்தக் கார் பெயின்டையும் நெடுநேரம் தேங்கி நின்றால் மென்மையாக்கிவிடும். 2கே பெயின்ட் தரும் கூடுதல் நேரம்தான் அதன் நன்மை. அது நீரில் கலக்கும் திரவம் என்பதால், சிந்திய உடனே துணியால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் பெயின்டுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் காரில் பெயின்ட் கரைந்திருப்பது மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழே என்பதால், அந்தச் சிலிண்டரின் பின்புற ரப்பர் சீல் கசிகிறதா என்பதை முதலில் பாருங்கள். கசிவை நிறுத்தாமல் அங்கே எந்தப் பூச்சும் நிற்காது. பேட்டரித் தட்டுக்கும் இவ்வாறே: வெல்டிங்குக்கு முன் சமையல் சோடாக் கரைசலால் கழுவி அமிலத்தை முறித்துவிடுங்கள், பூச்சு முடிந்த பின் பேட்டரிக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வையுங்கள்.

மேல்பூச்சு தொட்டுப் பார்க்க ஒரே நாளில் இறுகியதுபோல் தெரியும். ஆனால் பெட்ரோலையும் பிரேக் எண்ணெயையும் எதிர்க்கும் முழு வலிமை, சூட்டறையில் வைக்காமல் தானாக உலரும் பூச்சுக்கு, 20 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஏழு நாள் கழித்துத்தான் வரும். எஞ்சின் தயாராகிவிட்டது என்று மெக்கானிக் அவசரப்படுத்தினாலும், அதுவரை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தி எண்ணெய் ஊற்றாதீர்கள். எஞ்சினையும் அதற்குப் பிறகு ஏற்றுவதே நல்லது. எர்த் வயர் போல்ட் அமரும் இடங்களை மட்டும் பெயின்ட் போக வட்டமாகச் சுரண்டி, வயரை இறுக்கிய பின் அதன்மேல் கிரீஸ் தடவிவிடுங்கள். இல்லையென்றால், ஓடிக்கொண்டிருந்த கார் பூச்சுக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்று காரணம் தேடி அலைய நேரும்.

---

மெர்பேங்க்வாசி:

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தேன், அக்கா. பின்புற சீல் ஈரமாகத்தான் இருக்கிறது. புதிய சீல் தொகுப்புக்குச் சொல்லிவிட்டேன். பெரியவர் சொன்னபடி, பிரைமர் அடிக்கும் அன்று காலையில் நானும் உடனிருந்து துரு நீக்க இசைந்த ஒரு கடையைப் பார்த்து, ஜூலைப் பள்ளி விடுமுறைக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். பிராக்கெட்டுகளைத் துத்தநாகப் பிரைமரோடு பவுடர் கோட்டிங்குக்கும், மேனிஃபோல்டை மட்டும் அந்த 600 டிகிரி பூச்சுக்கும் ஒதுக்கிவிட்டேன்.